நல்வரவு இல்லாத முகப்பு

முதல் வரைவில்
ரோஜாக்கள் தாமாக நகர்ந்துகொண்டிருந்தன.
நான்கு படம், படத்துக்கு ஐந்து விநாடி.
மேலே பொன்னெழுத்தில் நல்வரவு.
அடியில், மிகப் பணிவாக,
மீண்டும் வருக.

"எங்கே மீண்டும் வருவது, மிஸ்டர் மூட்லி?"
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார் ஜெயசீலன் மூட்லி.
சாட்ஸ்வொர்த்தில் நாற்பத்திரண்டு வருடமாக
அமரர் ஊர்தி ஓட்டுபவர்.
பிறகு சிரித்தார், தோள் குலுங்க.
பக்கத்து அறையில் யாரோ
பெட்டிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
சிரிப்பை அப்படியே விழுங்கினார்.
தகரக் கூரையில் குரங்கொன்று ஓடிக் கடந்தது.

இழவு வீட்டில் நாம்
வாங்க என்பதில்லை.
போய்வருகிறேன் என்றும் சொல்வதில்லை.
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு
யார் கண்ணையும் பார்க்காமல் நழுவுகிறோம்.
திரையிலும் அதைத்தான் செய்யவேண்டும் என்று
எனக்கே அப்போதுதான் உறைத்தது.

நல்வரவை அழித்தேன். ரோஜாக்களை அழித்தேன்.
திறந்ததும் ஒலிக்கும் புல்லாங்குழலை
அவர் மகள் தேஷ்னி கெஞ்சியும் அழித்தேன்.
குதிரை வண்டியோடு நிற்கும் நிறுவனரை
இரண்டு சொடுக்கு உள்ளே குடிவைத்தேன்.
அவர் கோபிக்க மாட்டார்,
அவருக்கு அவசரம் ஏதுமில்லை.

இங்கே வருகிறவர் யார், யோசியுங்கள்.
நடுநிசி. மின்வெட்டு.
கைப்பேசியில் நான்கு சதவீதம்,
டேட்டா எப்போது தீருமோ.
மூக்குக்கண்ணாடி எங்கோ கிடக்கிறது.
ஒரு கை இன்னும்
அந்தக் கையைப் பிடித்தபடி இருக்கிறது.
மிச்சமிருப்பது ஒரு கட்டைவிரல்.

நான் வரைந்ததெல்லாம்
அந்தக் கட்டைவிரலுக்கு.

எண்ணைத் தூக்கி உச்சியில் வைத்தேன்,
தொட்டால் அழைக்கும்படி, தீப்பெட்டி அகலத்தில்.
"பீட்சா கடை மாதிரி இருக்கே" என்றார்.
இருக்கட்டும், பசியும் அவசரம்தான்.
வெள்ளையில் கறுப்பு. அதற்குக் கீழே மூன்று வரி:

இப்போதே வருகிறோம்.
எந்த மதமானாலும்.
பணத்தை நாளை பேசலாம்.

மூன்றாம் வரிக்குச் சண்டை நடந்தது.
ஒன்றரை மணி நேரம், இரண்டு தட்டு மிளகாய் பஜ்ஜி.
"இலவசம்னு போடலியேப்பா,
நாளைன்னுதானே போட்டிருக்கு" என்றாள் தேஷ்னி.
அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு
சரி என்பதுபோல் எழுந்து போனார்.

ஆங்கிலம் உடனே உட்கார்ந்தது.
ஜூலுவை, வண்டி கழுவும் சிபோனிசோ
இரண்டு முறை திருத்திக் கொடுத்தான்.
தமிழ்தான் படுத்தியது.
எழுத்துரு பழசு. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
மெய்யை விட்டுப் பிரிந்த உயிர்க்குறி
புள்ளி வட்டமொன்றில் தனியே தொங்கியது.
இந்தத் தொழிலுக்கு இதுவே பொருத்தமோ என்று
ஒரு கணம் கையை எடுத்துவிட்டேன்.
பிறகு உட்கார்ந்து
ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தேன்.
மெய்யோடு உயிரைச் சேர்ப்பது
இங்கே ஒன்றில்தான் முடிகிறது.

வியாழன் மாலை வெளியிட்டோம்.
வெள்ளி காலை
தேநீர் ஆற, பதிவுகளைப் பார்க்கிறேன்:

மணி 3:12. பீனிக்ஸிலிருந்து ஒருவர்.
பழைய மாடல் போன், மெதுவான இணைப்பு.
தங்கிய நேரம் ஒன்பது விநாடி.
எண்ணைத் தொட்டது ஒரு முறை.
விலைப்பட்டியல் திறக்கவில்லை.
நிறுவனரையும் குதிரையையும் பார்க்கவில்லை.

துணிக்கடைக்கோ ஹோட்டலுக்கோ
ஒன்பது விநாடிக் கணக்கைக் காட்டினால்
மீதிப் பணம் வராது எனக்கு.

மூன்றே காலுக்கு ஜெயசீலன்
இருட்டில் வண்டிச்சாவியைத் துழாவியிருப்பார்.

வந்தவர்
சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கிறார்.
முறை அதுதான்.